ஐந்து நாளில் டோக்கியோ!

புதுச்சேரிக்காரருக்கு வெளிநாட்டுப் பிரயாணம் புதிதல்ல. தாத்தா சைகோனில் உத்தியோகம் பார்த்தார், சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து தேசம் தேசமாகப் போனார், அத்தை மகள் பாரிஸில் குடித்தனம் நடத்துகிறாள் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. பாரிஸில் போய் இறங்கினால் விமான நிலையத்துக்கு உறவினர் வருவார். வீட்டில் சோறும் மீன் குழம்பும் தயாராக இருக்கும்.

டோக்கியோ அப்படியல்ல. அங்கே வரவேற்க ஆள் இல்லை. பேச்சும் புரியாது, எழுத்தும் புரியாது. போகிறவரோ ஒரு வார லீவில், பல வருஷம் சேர்த்த பணத்தோடு, வயதான தாயாரையும் அழைத்துக்கொண்டு, பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் போகிறார். அந்த ஒரு தடவை அலைச்சலாக முடியாமல் இருக்க வேண்டுமானால், டோக்கியோ பிரயாணத்தில் பாதி வேலையைப் புதுச்சேரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே முடித்துவிட வேண்டும்.

ஏழு எப்படி ஐந்தாகிறது?

முதலில் கணக்கு. லீவு ஏழு நாள். ஆனால் டோக்கியோவுக்குக் கிடைப்பது ஐந்தே நாள்தான். புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வழியில் நெரிசலுக்கு இடம் வைத்து, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரவேண்டுமானால், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அரை நாள் போய்விடுகிறது. பிறகு சிங்கப்பூரிலோ, பாங்காக்கிலோ, கோலாலம்பூரிலோ விமானம் மாற வேண்டும். ஜப்பான் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது பறிகொடுக்கும் அந்த மூன்றரை மணி, திரும்பும்போதுதான் கைக்கு வரும்.

எங்கே இறங்குவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. டோக்கியோவுக்கு விமான நிலையங்கள் இரண்டு. ஹானேடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது. நரிட்டா அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பக்கத்து மாகாணத்தில் இருக்கிறது. டிக்கெட் விலையில் சொற்ப வித்தியாசந்தான் என்றால் ஹானேடாவே மேல். நரிட்டாதான் கிடைத்தது என்றாலும் பயமில்லை. அங்கிருந்து உவெனோ என்ற இடத்துக்கு முக்கால் மணி நேரத்தில் கொண்டுவிடும் விரைவு ரயில் உண்டு. முதல் தடவை போகிறவர் உவெனோவிலோ அதை அடுத்த அசாகுசாவிலோ அறை எடுத்துக்கொள்வது நல்லதென்பதற்கு இதுவும் ஒரு காரணம். அறைகள் சிறியவை, பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. ஐந்து நாளைக்கு நான்கு பெட்டி எதற்கு?

எந்த மாதம் போவது? மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதலிலும் செர்ரிப் பூ பூக்கிறது. ஊரே அழகுதான், ஆனால் கூட்டமும் வாடகையும் அதற்கேற்றபடி. நம் பள்ளிக்கூட லீவில் போகலாமென்றால், ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியருக்குத் தொடர்ந்து விடுமுறைகள். அந்த நாட்களில் தேசமே பெட்டி கட்டிக்கொண்டு புறப்படும். ஜூனில் மழை. ஆகஸ்டில் புழுக்கம் புதுச்சேரியைத் தோற்கடிக்கும். நடுவில் மூதாதையருக்கான ஓபோன் பண்டிகையும் வருகிறது. அக்டோபர், நவம்பர்தான் சுகமான காலம். ஆனால் அது இங்கே புயல் காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். நவம்பரில் போகிறவர் திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போகும்படி திட்டம் போடாமலிருப்பது புத்திசாலித்தனம்.

ஒரே வீடு, இரண்டு பாஸ்போர்ட்

இந்தச் சங்கடம் புதுச்சேரிக்கே உரியது. 1954 நவம்பர் 1ந் தேதி பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16ந் தேதிதான் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டுமென்று அதில் கண்டிருந்தது. எழுதிக் கொடுத்தவர் சிலர், கொடுக்காதவர் பலர். அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். கணவன் ஒன்று, மனைவி ஒன்று. அறுபது வருஷம் கழிந்தும் அந்த ஆறு மாதம் இன்றும் குடும்பத்தைப் பிரயாணத்தில் பிரிக்கிறது.

பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சுற்றிப் பார்க்கப் போனால் ஜப்பானில் 90 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம். இந்திய பாஸ்போர்ட்காரர் விசா வாங்கியாக வேண்டும். புதுச்சேரி, சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்கு உட்பட்டது. விண்ணப்ப மையத்தின் வழியாக மனுச் செய்ய வேண்டும். 2024 முதல் சுற்றுலாவுக்கு மின்விசாவும் வந்திருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: விமான நிலையத்தில் கைபேசியில் இணையத் தொடர்போடு அந்த விசாவைத் திறந்து காட்ட வேண்டும், தாளில் அச்சடித்துப் பையில் வைத்திருந்தால் போதாது. பாங்கிக் கணக்கு, வருமானத்துக்கு அத்தாட்சி இவற்றோடு, எந்த நாள் எங்கே இருப்பார், எந்த ஹோட்டலில் படுப்பார் என்று நாள்வாரியாக எழுதிய நிகழ்ச்சி நிரலும் கேட்பார்கள். சலித்துக்கொள்ளத் தேவையில்லை. வீட்டில் யாரும் உட்கார்ந்து திட்டம் போடாத குறையை அந்த ஒரு தாள் போக்கிவிடுகிறது!

விசா இல்லாமல் டோக்கியோவில் நுழையக்கூடிய அண்ணனுக்கும் ஒரு கவலை உண்டு. திரும்பி வரும்போது, தான் பிறந்த ஊருக்குள் நுழைய அவருக்குச் செல்லுபடியாகும் ஓ.சி.ஐ. அட்டையோ இந்திய விசாவோ வேண்டும். தம்பிக்குப் போகும் வழியில் காகிதம். அண்ணனுக்கு வரும் வழியில் காகிதம். இரண்டையும் ஒரு மாதம் முன்னதாகவே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். விமான டிக்கெட் அதற்கப்புறம்.

தெருவுக்குப் பெயரில்லாத ஊர்

புதுச்சேரி புல்வார்களுக்குள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணியில் நடந்துவிடலாம். துய்மா வீதி, சுய்ஃப்ரேன் வீதி, ரொமேன் ரொலான் வீதி என்று நூல் பிடித்தாற்போல் தெருக்கள். மூலைக்கு மூலை பெயர்ப்பலகை. இந்தப் பழக்கத்தோடு டோக்கியோவில் இறங்குகிறவர் திகைத்துப் போவார். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. விலாசம் என்பது வட்டாரத்தின் பெயர், பகுதி எண், மனைத்தொகுதி எண், வீட்டு எண். ஆகவே ஹோட்டலுக்கு மிக அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயரையும், எத்தனையாவது வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்பதையும் ஜப்பானிய எழுத்திலேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாசல் எண்ணா முக்கியம் என்று கேட்கலாம். ஷிஞ்சுக்கு நிலையத்தை ஒரு நாளில் உபயோகிப்பவர்கள் 35 லட்சம் பேருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரிப் பிரதேசம் முழுவதன் ஜனத்தொகையே பன்னிரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நிலையத்தில் தவறான வாசலில் வெளியே வந்தால், சரியான வாசலைத் தேடி வெயிலில் கால் மணி நடக்க நேரும். முழங்கால் வலியுள்ள தாயாருக்கு மின்தூக்கி எந்த வாசலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அன்றைய பொழுது அமையும்.

ஊரைப் புரிந்துகொள்ள ஒரு சுலப வழி, யமனோதே என்னும் வட்ட ரயில். 34½ கிலோமீட்டர், 30 நிலையங்கள். ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உவெனோ. அதைத் தாண்டி அசாகுசா, சுமிதா ஆறு. மேற்கு ஓரத்தில் ஷிபுயா, ஹராஜுக்கு, ஷிஞ்சுக்கு. ஒரு நாளில் ஒரே பக்கந்தான் என்று தீர்மானித்துவிட்டால் கால்வலியில் பாதி குறையும். காலையில் கிழக்கு, மத்தியானம் மேற்கு, சாயங்காலம் மறுபடியும் கிழக்கு என்று அலைகிறவர் பார்ப்பதெல்லாம் பிளாட்பாரம்தான்.

கிழக்குப் பக்கத்துக்கு ஒரு முழு நாள் வைக்கலாம். அசாகுசா சென்சோஜி ஆலயத்தின் கதை நம் கடற்கரைக் குப்பங்களில் சொன்னாலும் பொருந்தும். 628ம் வருஷம் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த இரண்டு சகோதரர்களின் வலையில் சிக்கிய கன்னோன் விக்கிரகந்தான் மூலமூர்த்தி என்கிறது தலபுராணம். கன்னோன் வேறு யாருமல்ல, நம் நாட்டு அவலோகிதேசுவரர்தான். 1945 மார்ச் குண்டுவீச்சில் எரிந்துபோன பெரிய மண்டபத்தை 1958ல் திரும்பக் கட்டினார்கள். அங்கிருந்து உவெனோவுக்குச் சுரங்க ரயில். 1927ல் ஆசியாவிலேயே முதன்முதலாக ஓடிய சுரங்க ரயில், சரியாக இந்த இரண்டு நிலையங்களுக்கு இடையேதான் ஓடியது. உவெனோவில் தாமரைக் குளம் ஒன்றின் நடுவே பென்டென் என்ற தேவதைக்கு ஒரு கோயில். பென்டென் நம் சரஸ்வதி! பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவள். பக்கத்திலேயே தேசியப் பொருட்காட்சிசாலை இருக்கிறது. பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. நாள் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் அநேகம்.

பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதல்ல, எதை அடிப்பது என்பதுதான் கஷ்டம். கியோட்டோவை அடித்துவிடலாம். புல்லட் ரயிலில் இரண்டேகால் மணிதானே என்று தோன்றும். போக வர நாலரை மணி, நிலையங்களில் காத்திருப்பது வேறு, ஐந்தில் ஒரு நாள் போயிற்று. பூஜி மலை மேகத்தில் மறைந்துகொண்டால் பார்க்கப் போனவர் பஸ்ஸைத்தான் பார்த்துவிட்டு வருவார். டிஸ்னிலாந்து குழந்தைகள் கூட வந்தால் மட்டும். அது டோக்கியோவிலும் இல்லை, பக்கத்துச் சிபா மாகாணத்தில் இருக்கிறது. கையோடு கையாக, ஜப்பான் முழுவதும் செல்லும் ரயில் பாஸையும் அடித்துவிட வேண்டும். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோவை விட்டு வெளியே போகாதவருக்கு அது வீண் செலவு. சுய்கா, பாஸ்மோ என்ற பண அட்டைகளில் ஒன்று இருந்தால் ரயில், பஸ், சிறு கடைகள் எல்லாவற்றுக்கும் போதும்.

டோக்கியோவில் ஒரு புதுச்சேரி

எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தாயிற்று. புதுச்சேரிக்காரர் மட்டுமே தேடிப் பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு, அதற்கு ஒரு முழு நாளே கொடுக்கலாம்.

அரவிந்த ஆசிரமத்தின் அன்னை, 1916லிருந்து 1920 வரை டோக்கியோவிலும் கியோட்டோவிலும் வசித்தவர். 1920 ஏப்ரல் 24ந் தேதி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அதே சமயத்தில் செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட், புகழ்பெற்ற இம்பீரியல் ஹோட்டலின் வேலைக்காக டோக்கியோவில் வந்திறங்கி, பிறகு அங்கேயே சொந்த அலுவலகம் வைத்துக்கொண்டார். ஜப்பானில் நாலு வருஷம் இருந்துவிட்டு ஆசிரமத்தில் சேர்ந்த பவித்ரா என்ற பிரெஞ்சு என்ஜினீயருக்கு அவர் பழக்கம். அந்தப் பழக்கந்தான் கோல்கொண்ட் மாளிகையாக நம் ஊரில் எழுந்தது.

1930களின் பிற்பகுதியில் கோல்கொண்ட் வேலை தொடங்கியது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து பணம் கிடைத்தது. பெயரும் அதனால்தான் அப்படி. ரேமண்ட் தம் அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நகஷிமா என்ற ஜப்பானிய வம்சத்து அமெரிக்க இளைஞரை 1937ல் இங்கே அனுப்பினார். வந்தவர் ஆசிரமத்தில் சீடராகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். பின்னாளில் மரத் தளவாடங்கள் செய்வதில் உலகப் பிரசித்தி பெற்றவரும் இவரே. ஜன்னலுக்குப் பதில் சுவர் நெடுகத் திறந்து மூடும் கிடைப்பலகைகள். மின்விசிறி இல்லாமலே கடற்காற்று உள்ளே புகுந்து வெளியேறும் ஏற்பாடு. வங்கக் கடலோர வெக்கைக்கு, டோக்கியோவிலிருந்து வந்தவர்கள் கண்டுபிடித்த மருந்து! அதைப் பார்க்காமல் டோக்கியோவுக்கு விமானம் ஏறுவது, சமுத்திரத்துக்கு அருகிலிருந்துகொண்டு மீன் வாங்க மலைக்குப் போவது போலத்தான். உள்ளே போக ஆசிரமத்தின் அனுமதி வேண்டும். தெருவில் நின்று பார்க்க யார் அனுமதியும் வேண்டாம்.

இனி டோக்கியோவில் ரேமண்டின் கைவண்ணம். சுகினாமி வட்டாரத்தில் டோக்கியோ மகளிர் கிறிஸ்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆலயம் 1938ல், அதாவது இங்கே கோல்கொண்ட் எழும்பிக்கொண்டிருந்த சமயத்தில், முடிந்தது. பாரிஸ் அருகே ல ரேன்ஸியில் 1923ல் கட்டிய நோத்ர்தாம் கோயிலின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரியும். பிரெஞ்சு நாட்டுக் கோயில் டோக்கியோவில். டோக்கியோ கலைஞரின் மாளிகை பிரெஞ்சுப் புதுச்சேரியில்! கல்விக்கூடமானபடியால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அது முடியாதவர்கள் மெகுரோ நிலையத்தருகே புனித ஆன்செல்ம் கத்தோலிக்க ஆலயத்துக்குப் போகலாம். 1950களில் ரேமண்ட் கட்டியது. மடிப்பு மடிப்பான கான்கிரீட் சுவர்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாத புதுச்சேரித் தாய்மார்களுக்கு இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அதே சுகினாமியில் ரென்கோஜி என்ற சிறிய பௌத்தக் கோயில். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி என்று சொல்லப்படுவது 1945 செப்டம்பரிலிருந்து அங்கேதான் பத்திரமாக இருக்கிறது. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் 1957ல் நேருவும், 2001ல் வாஜ்பாயியும் அங்கே போய் வணங்கினார்கள். மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்; அவர்கள் பேரன் பேத்திகள் டோக்கியோவில் வேறெதையும் பார்க்காவிட்டாலும் அந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரலாம்.

இன்னொரு நூலிழையும் உண்டு. பாரதியார் புதுச்சேரியில் இருந்த நாட்களில்தான், 1916ல், ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார். ஹைக்கூவைத் தமிழருக்கு முதலில் அறிமுகம் செய்த கட்டுரை அது. ஹைக்கூ கவி பாஷோ குடியிருந்த பகுதியில், சுமிதா ஆற்றங்கரையில், அவருக்கு ஒரு சிறிய நினைவுக் காட்சிசாலை இருக்கிறது. கிழக்கு நாளிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

வயிறு கேட்குமா?

மீனும் சோறும் சாப்பிடுகிறவருக்கு டோக்கியோவில் கவலையே இல்லை. சைவர்களுக்குத்தான் சோதனை. தட்டில் காய்கறி மட்டுமே தெரியும். ஆனால் அது வெந்த நீரில் உலர்ந்த மீன் சீவல் ஊறியிருக்கும். தாஷி என்ற அந்தச் சாறு, சூப்பிலிருந்து நூடுல்ஸ் வரை எல்லாவற்றிலும் நுழைந்திருக்கிறது. ‘இறைச்சி சாப்பிடமாட்டேன்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரும். ‘இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். இந்தியர்கள் அதிகமாக வசிக்கும் நிஷி-கசாய் பகுதியில் இந்தியச் சாப்பாடும் மளிகையும் கிடைக்கும்.

குழம்புச் சோற்றுக்கு அங்கே சரித்திரமே உண்டு. ஆங்கிலேயரிடமிருந்து தப்பி 1915ல் ஜப்பானுக்கு ஓடிய ராஷ் பிஹாரி போஸை, ஷிஞ்சுக்குவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடைக்காரர் குடும்பம் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. அந்த வீட்டுப் பெண்ணையே அவர் மணந்தார். 1927ல் அங்கே விற்பனைக்கு வந்த இந்தியக் கோழிக் குழம்பு இன்றும் விற்கிறது. கின்சா பக்கத்தில் திருவனந்தபுரத்துக்காரரான ஏ. எம். நாயர் 1949ல் தொடங்கிய ஹோட்டலும் நடந்துவருகிறது. இங்கிருந்து பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாமா? பருப்புப்பொடி போகட்டும், பச்சைக் கறிவேப்பிலை, எலுமிச்சம்பழம், மாம்பழம், இறைச்சி கலந்த எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது. சுங்கத்தில் பறிமுதலாகும். தாயாரின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு உட்பட்ட அளவில், டாக்டர் சீட்டோடு, கைப்பையில் இருக்க வேண்டும். ஜலதோஷத்துக்கும் இருமலுக்கும் இங்கே சாதாரணமாக வாங்கும் சில மருந்துகள் ஜப்பானில் தடைசெய்யப்பட்டவை. அவற்றைக் கொண்டுபோகாமலிருப்பதே க்ஷேமம்.

இன்னும் சில. டோக்கியோவில் ஒரு நாளைக்குப் பதினையாயிரம் அடி நடப்பது சர்வ சாதாரணம். மாலை ஆறு மணிக்குமேல் வண்டி ஓடாத கூபேர் சாலையில், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் இரண்டு தடவை போய் வந்தால் அங்கே கொப்புளம் வராது. நகரும் படிக்கட்டில் டோக்கியோவாசிகள் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். ரயிலில் கைபேசியில் பேசமாட்டார்கள். ஹோட்டலில் சிப்பந்திக்கு இனாம் கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். அப்புறம் விடியும்வரை டாக்ஸிதான், அதன் மீட்டரைப் பார்த்தால் தூக்கம் பறந்துவிடும்.

ஐந்தாம் நாளுக்கு ஒன்றும் எழுதி வைக்க வேண்டாம். முந்தின நாட்களில் மழையால் விட்டது, கால்வலியால் விட்டது, கடைத்தெருவில் பார்த்து வாங்கத் தயங்கியது எல்லாம் அன்றைக்கு வரும். யென் நோட்டுகளைத் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம். நாணயங்களைச் சென்னையில் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். பை நிறையச் சேர்ந்துவிட்ட சில்லறையை விமான நிலையக் கடையில் கொட்டி, எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதிக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.